வெளியே ‘இணைந்தது’, உள்ளே பதில் இல்லை: சுங்கை சிப்புட்டில் ஒரு மெய்நிகர் கணினி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய சேமிப்புச் சங்கம் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் உறுப்பினர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகிப் பாதிப் பேர் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனாலும் மாதச் சந்தாவும் பேரேடும் நிற்கவில்லை. 2000களின் நடுவில் அந்தப் பேரேடு கணினிக்கு மாறியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் அப்பாச்சி வலைச் சர்வரும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் நிறுவப்பட்டன. முன் கவுண்டரில் இருந்த இரண்டு கணினிகளும் உலாவி வழியாக அதைத் திறந்து சந்தாவைப் பதிந்து, ரசீது அச்சிட்டு வந்தன. நிரலை எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நிரலோ நன்றாகவே ஓடுகிறது.

கெட்டுப்போனது கணினியின் தாய்ப்பலகை. வட்டு தப்பித்தது. சங்கத்தின் கணக்கைப் பார்க்கும் முன்னாள் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஐயாவின் பேரன் பாலிடெக்னிக் மாணவர். அவர் அந்த வட்டைப் படியெடுத்து, உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினியை) நடத்தும் க்யூஎமு என்ற மென்பொருள் மூலம் எக்ஸ்பியை எழுப்பிவிட்டார். பழைய வட்டை மெய்நிகர் கணினிக்குள் எழுப்புவது சாதாரண வேலை அன்று, அதில் அவருக்கு முழு மதிப்பெண் தரலாம். திரையில் பேரேடு தெரிந்தது, கவுண்டருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. என்னை அழைத்தது அந்தக் கட்டத்தில்.

போய்ச் சேர்ந்தபோது இருந்த நிலை

பேரன் சொன்னது இது: “அண்ணா, யூசர் மோட் நெட்வொர்க் வேலைக்கு ஆகாது. பிரிட்ஜ் போட்டால்தான் சரிவரும். அதையும் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.”

யூசர் மோடில் மெய்நிகர் கணினியின் பேச்சை க்யூஎமுவே நடுவில் நின்று நடத்தும். பிரிட்ஜில் மெய்நிகர் கணினி தனி ஆளாக நேரே அலுவலக நெட்வொர்க்கில் சேரும். பிரிட்ஜ் வராததற்குக் காரணம் எளிது. மடிக்கணினி ரௌட்டரோடு வைஃபையில் இணைந்திருந்தது. வைஃபை அணுகுமுனை, தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) வரும் சட்டகங்களை (தரவுத் துண்டுகளை) மட்டுமே ஏற்கும். மெய்நிகர் கணினிக்கு வேறொரு மேக் முகவரி. அதன் பேச்சை அணுகுமுனை கண்டுகொள்ளாது. கேபிள் இழுத்தால் பிரிட்ஜ் ஓடும். ஆனால் அலுவலகம் வாடகைக் கடைவீட்டு மாடியில் இருக்கிறது, ரௌட்டர் கீழ்க்கடையில் இருக்கிறது. கேபிள் பேச்சு அன்றே முடிந்தது.

யூசர் மோட் ‘வேலைக்கு ஆகாது’ என்ற முடிவுக்கு அவர் வந்ததற்கு மூன்று சான்றுகள் வைத்திருந்தார். மடிக்கணினியிலிருந்து 10.0.2.15 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. மடிக்கணினியின் போர்ட் 80க்கு (வலைச் சர்வரின் வழக்கமான வாசல் எண்) வருவதை உள்ளே திருப்பிவிடச் சொன்னபோது திருப்பல் விதியை அமைக்க முடியவில்லை என்று க்யூஎமு பிழை காட்டி நின்றுவிட்டது. 8080க்கு மாற்றிய பிறகு உலாவி ‘இணைந்தது’, ஆனால் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றும் உண்மையான அறிகுறிகள்தாம். முதல் இரண்டும் கோளாறே அல்ல. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது.

நடுவில் நிற்பவர்

க்யூஎமுவின் யூசர் மோட், ஸ்லிர்ப் என்ற நிரலை அடித்தளமாகக் கொண்டது. 1990களின் நடுவில் டேனி காஸ்பரோவ்ஸ்கி அதை எழுதினார். தொலைபேசி வழியாக யூனிக்ஸ் கணினியில் எழுத்துத் திரை மட்டும் தரும் பயனர் கணக்கு வைத்திருந்தவர்கள், அதையே முழு இணைய இணைப்பாகப் பயன்படுத்திக்கொள்ள உதவிய தந்திரம் அது. மோடம் கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த ஜாரிங் (மலேசியாவின் பழைய இணையச் சேவை) காலத்து ஆட்களுக்கு அதன் அருமை புரியும். சிறப்பு அனுமதி எதுவும் இல்லாத சாதாரணப் பயனர், ஒரு முழு டிசிபி அடுக்கையே (இணைய இணைப்புகளை நடத்தும் பகுதியையே) தன் நிரலுக்குள் நடத்துகிறார். இன்றைய க்யூஎமுவிலும் அதேதான் நடக்கிறது. (மூலநிரலிலிருந்து தாமே தொகுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பிலிருந்து ஸ்லிர்ப் கூடவே வருவதில்லை. லிப்ஸ்லிர்ப்பைத் தனியாக நிறுவாவிட்டால் யூசர் மோடே இல்லாத க்யூஎமுதான் கிடைக்கும்.)

கிராணி ஐயா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அவர் தொழிலை வைத்தே பேரனுக்கு விளக்கினேன். லயத்தில் இருப்பவர் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) நேரே போய்ப் பேசுவதில்லை. கிராணி அதைக் கேட்டுக்கொண்டு, தம் வாயால் துரையிடம் சொல்லி, பதிலை வாங்கி வருவார். துரைக்குத் தெரிந்தவர் கிராணி மட்டுமே. மெய்நிகர் கணினி வெளியே அனுப்பும் ஒவ்வொரு இணைப்பையும் க்யூஎமு பிரித்துப் படித்து, தன் பெயரில் ஒரு சாதாரண சாக்கெட்டை (இணைப்பு முனையை) திறந்து வெளியே பேசுகிறது. ரௌட்டருக்குத் தெரிவது மடிக்கணினி மட்டும். அதனால்தான் வைஃபையிலும் இது தடையில்லாமல் ஓடுகிறது, ரூட் (நிர்வாகி) அனுமதியும் தேவைப்படுவதில்லை. ஐயா சிரித்தார். “துரை கிராணியைத் திட்டுவதும் உண்டு, அதையும் எழுதிக்கொள்” என்றார்.

உள்ளே இருப்பது ஒரு கற்பனை நெட்வொர்க். வழக்கமாக 10.0.2.0 தொடங்கி 24 பிட் வரம்பு (10.0.2.255 வரை). 10.0.2.2 என்பது வெளிக் கணினியைக் குறிக்கும் வாசல், 10.0.2.3 டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சேவை), டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் சேவை) கொடுக்கும் முதல் முகவரி 10.0.2.15. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் வேலை செய்தவர்களுக்கு 10.0.2.2 பழகிய எண்ணாக இருக்கும், அதன் அடியிலும் க்யூஎமுதான். இந்த முகவரிகள் க்யூஎமு நிரலுக்குள் மட்டுமே உயிரோடு இருப்பவை. மடிக்கணினியின் வழித்தட அட்டவணையில் 10.0.2.15 என்று ஒன்று கிடையாது. ஆகவே வெளியிலிருந்து அதற்குப் பிங் போகாது, எல்லாம் சரியாக இருக்கும்போதும் போகாது. உள்ளிருந்து இணையத்துக்குப் பிங் போவதும் லினக்ஸ் கருவில் அந்தப் பயனர் குழுவுக்குப் பிங் அனுமதி தரப்பட்டிருந்தால்தான் நடக்கும். யூசர் மோடைச் சோதிக்கப் பிங்கை எடுப்பவர் தொடக்கத்திலேயே தவறான அளவுகோலைக் கையில் எடுக்கிறார்.

போர்ட் 80 பிழையும் அப்படியே. 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க லினக்ஸ் விடாது. க்யூஎமு சாதாரணப் பயனராக ஓடுகிறது. 8080 போன்ற எண் போதும்.

‘இணைந்தது’ என்பதன் பொருள்

மூன்றாவது அறிகுறியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போர்ட் திருப்பலில் வெளிப் பக்கத்து வாசலைக் காப்பது க்யூஎமு. கவுண்டர் உலாவி 8080க்கு வந்ததும் க்யூஎமு அந்த இணைப்பை ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகுதான் உள்ளே எக்ஸ்பியின் 80ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் வெளியே இருப்பவருக்கு ‘இணைந்தது’ என்றே தெரியும். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவிகள் எல்லாம் இங்கே பொய்ச் சாட்சிதான் சொல்லும்.

உண்மை தெரிய வேண்டுமானால் நடுவில் நிற்பவரின் ஏட்டைப் புரட்ட வேண்டும். க்யூஎமுவின் கட்டளைத் திரையான மானிட்டரில் ‘இன்ஃபோ யூசர்நெட்’ என்று தட்டினால் ஒவ்வோர் இணைப்பும் அதன் நிலையும் வரிசையாக வரும். கவுண்டரிலிருந்து வந்த இணைப்பின் எதிரே ‘சின் சென்ட்’ என்று நின்றது. க்யூஎமு உள்ளே தட்டிவிட்டது, உள்ளிருந்து பதில் வரவில்லை. வெளிப் பக்கம் முழுவதும் குற்றமற்றது என்பது அந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிட்டது.

பதில் ஏன் வரவில்லை என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதற்கு ‘ஃபில்டர்-டம்ப்’ என்ற பொருளைக் கட்டளையில் சேர்த்து, மெய்நிகர் அட்டை வழியாகப் போவது வருவது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பதியவைத்தோம். நெட்வொர்க் பதிவைப் படிக்கும் வயர்ஷார்க்கில் திறந்தால் க்யூஎமு “10.0.2.15 யார்?” என்று ஏஆர்பி கேள்வியை (ஒரு முகவரிக்குரிய அட்டையைத் தேடும் கேள்வியை)த் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதே நேரத்தில் எக்ஸ்பி “192.168.0.1 யார்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு வெவ்வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

பழைய கணினியின் திரை ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 192.168.0.10 என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பேரன் எக்ஸ்பிக்குள் அதே எண்ணை நிலையான முகவரியாக இட்டிருந்தார். திருப்பல் விதியில் உள் முகவரியைக் காலியாக விட்டால் க்யூஎமு 10.0.2.15 என்றே எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணுக்குரியவர் உள்ளே இல்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. யூசர் மோடின் கற்பனை நெட்வொர்க்கையே 192.168.0.0 வரம்புக்கு மாற்றிவிடலாம், அதற்கு ‘நெட்’ என்ற விருப்பம் உண்டு. பேரனுக்கு அந்த வழி பிடித்திருந்தது. இங்கே அது கூடாது என்றேன். சங்கத்தின் உண்மையான வைஃபையும் அதே வரம்பில் இருக்கிறது, ரசீது அச்சிடும் பிரிண்டர் 192.168.0.50. உள்ளே இருப்பவர் பிரிண்டர் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்து ஏஆர்பி கேட்டுக்கொண்டே இருப்பார், பொட்டலம் வெளியே வரவே வராது. கற்பனை வரம்பும் உண்மை வரம்பும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ‘நெட்’ விருப்பம் அந்த மோதலைத் தவிர்ப்பதற்காக இருப்பது. எக்ஸ்பியை டிஎச்சிபிக்கு மாற்றினோம், உடனே 10.0.2.15 வாங்கிக்கொண்டது. மெய்நிகர் அட்டையாக ஆர்டிஎல்8139 ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அதற்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே இருக்கிறது, க்யூஎமுவின் இ1000 அட்டைக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

மடிக்கணினியில் வருகிறது, கவுண்டரில் வரவில்லை

இப்போது மடிக்கணினியின் உலாவியில் பேரேடு திறந்தது. கவுண்டரில் பழைய கதைதான், ‘சின் சென்ட்’. ஒரே விதி, ஒரே போர்ட். உபுண்டுவின் ஃபயர்வால் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. அது தடுத்திருந்தால் இணைப்பு க்யூஎமுவையே எட்டியிருக்காது, ஏட்டில் வரியே விழுந்திருக்காது.

பதிவுக் கோப்பில் இரண்டு இணைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். மடிக்கணினியிலிருந்து வந்தது எக்ஸ்பிக்கு 10.0.2.2 என்ற முகவரியோடு போய்ச் சேர்கிறது. கவுண்டரிலிருந்து வந்ததோ 192.168.0.21 என்ற தன் சொந்த முகவரியோடே உள்ளே போகிறது. ஸ்லிர்ப்பின் பழக்கம் இது: வெளிக் கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1லிருந்து வருபவருக்கு மட்டும் 10.0.2.2 என்று பெயர் மாற்றிவிடும், மற்றவர்களை அவரவர் பெயரிலேயே அறிமுகம் செய்யும். கிராணி உவமை இந்த இடத்தில் உதவாது. உள்ளிருந்து வெளியே போகும்போதுதான் அவர் தம் பெயரில் பேசுகிறார்.

எக்ஸ்பிக்கு 2004இல் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் முதல் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதில் அப்பாச்சிக்கு விதிவிலக்கு இருந்தது. அதன் எல்லை ‘என் நெட்வொர்க் மட்டும்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அன்று கவுண்டரும் சர்வரும் ஒரே வரம்பில் இருந்தன. இன்று சர்வர் 10.0.2.15இல் உட்கார்ந்திருக்கிறது. கவுண்டர் அதன் கண்ணுக்கு வெளியூர் ஆள்.

எல்லையை ‘எந்தக் கணினியும்’ என்று மாற்றினால் அன்றே வேலை முடிந்திருக்கும். பேரன் சுட்டியைக் கொண்டுபோய் அங்கே வைத்தும்விட்டார். நான் நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் வேறு.

யாருக்காக இந்தச் சுவர்

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் பெரும்பாலும் அடைக்கப்படாமலே கிடக்கின்றன. சங்கத்தில் காத்திருக்கும் உறுப்பினர்களுக்கு வைஃபை கடவுச்சொல் கொடுப்பது வழக்கம், சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பேரன் எழுதிய கட்டளையில் 8080 மட்டுமல்லாமல் மைஎஸ்க்யூஎல்லின் 3306, தொலைமேசையின் 3389 ஆகியவையும் திருப்பிவிடப்பட்டிருந்தன. திருப்பல் விதியில் வெளி முகவரியைக் காலியாக விட்டால் மடிக்கணினியின் எல்லா இடைமுகங்களிலும் போர்ட் திறந்துகொள்ளும். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவருடைய கைப்பேசியும் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கணக்கு இருக்கும் தரவுத்தளத்தின் வாசலில் நிற்கலாம்.

யூசர் மோடைப் பிரிட்ஜ் கிடைக்காதவர்களின் மாற்று வழி என்று பேசுவது பரவலாக இருக்கிறது. இப்படிப்பட்ட கணினிக்கு அதுவே முதல் தேர்வு என்பது என் கருத்து. பிரிட்ஜ் ஓடியிருந்தால் எக்ஸ்பி நேரடியாக வைஃபையில் நின்றிருக்கும், அதைக் காக்க இன்னொரு சுவர் கட்ட வேண்டியிருக்கும். இங்கே சுவர் பிறவியிலேயே இருக்கிறது. எங்கே ஓட்டை போடுவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும்.

3306ஐ எடுத்துவிட்டோம். 3389ஐ 127.0.0.1க்கு மட்டும் கட்டினோம், பேரன் மடிக்கணினியில் அமர்ந்து எக்ஸ்பி திரையைப் பார்க்க அது போதும். வலைப் பக்கத்துக்கான விதி ‘டிசிபி:127.0.0.1:8080-:80’ என்று ஆனது. வெளியே கவுண்டர்களுக்கு முகம் காட்டுவது மடிக்கணினியில் நிறுவிய எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர். அது 192.168.0.21, 192.168.0.22 ஆகிய இரண்டு முகவரிகளை மட்டும் ஏற்று, கடவுச்சொல் கேட்டு, 127.0.0.1 வழியாக உள்ளே அனுப்புகிறது. எக்ஸ்பிக்கு வருகிற ஒவ்வோர் இணைப்பும் இப்போது 10.0.2.2 என்ற பக்கத்து வீட்டு முகவரியில் வருகிறது. பழைய ஃபயர்வால் விதியைத் தொடாமலே கவுண்டரில் பேரேடு திறந்தது.

அதற்கு மேல் ‘ரெஸ்ட்ரிக்ட்’ விருப்பத்தையும் இயக்கினோம். இது இருந்தால் உள்ளே இருப்பவர் தாமாக வெளியே எங்கும் போக முடியாது, நாம் எழுதிய திருப்பல் விதிகள் மட்டும் தொடர்ந்து இயங்கும். ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரெஸ்ட்ரிக்ட் இருக்கும்போது டிஎச்சிபி பதிலில் வாசல் முகவரியும் டிஎன்எஸ்ஸும் வருவதில்லை. எஞ்சின்எக்ஸ் இல்லாமல் கவுண்டரை நேராக உள்ளே விட்டிருந்தால், 192.168.0.21க்குப் பதில் அனுப்ப எக்ஸ்பிக்கு வழியே தெரியாமல் போயிருக்கும். ஃபயர்வாலை எவ்வளவு திறந்தாலும் அதே ‘சின் சென்ட்’ வந்து நின்றிருக்கும். 10.0.2.2 அதே வரம்பில் இருப்பதால் வாசல் தேவைப்படவில்லை.

ரசீது

வெளியே போக முடியாது என்றால் பிரிண்டர்? நிரல், போர்ட் 9100 வழியாகப் பிரிண்டருக்கு நேரடியாக அனுப்பும் வகை. இதற்காகத்தான் ‘கெஸ்ட்ஃபார்வர்ட்’ இருக்கிறது. கற்பனை நெட்வொர்க்குக்குள் 10.0.2.100 என்ற முகவரியை உருவாக்கி, அதன் 9100ஆம் போர்ட்டுக்கு வருவதை உண்மையான பிரிண்டருக்குக் கொண்டுசேர்க்கச் சொல்லலாம். எக்ஸ்பியில் பிரிண்டர் முகவரியை 10.0.2.100 என்று மாற்றினால் போதும்.

பேரன் எழுதிய முதல் வடிவத்தில் ரசீது வந்தது, ஆனால் கவுண்டர் கணினிகள் எதையும் அச்சிட முடியவில்லை. எக்ஸ்பியை அணைத்தால் அவை அச்சிடும். கெஸ்ட்ஃபார்வர்டின் இலக்காக ஒரு டிசிபி முகவரியை நேரடியாகக் கொடுத்தால், க்யூஎமு எழும்போதே அந்த இணைப்பைத் திறந்து, ஓடி முடியும்வரை பிடித்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும் பேசும் அந்தப் பிரிண்டர், வேறு யாருக்கும் காது கொடுக்கவில்லை. இலக்காக முகவரியைத் தராமல் ஒரு கட்டளையைத் தரும் வடிவம் வேறு. அதில் ஒவ்வோர் இணைப்புக்கும் அந்தக் கட்டளை புதிதாக ஓடும். தரவை அப்படியே ஒரு முகவரிக்கு அனுப்பும் நெட்கேட்டைப் பிரிண்டர் முகவரியோடு அங்கே வைத்தோம். உபுண்டுவோடு வரும் நெட்கேட்டுக்குப் பெரிய எழுத்து ‘என்’ விருப்பத்தையும் தர வேண்டும். உள்ளிருந்து தரவு முடிந்ததும் வெளி இணைப்பையும் முடித்துவைக்க அது தேவை. ரசீது வெளியே வந்தவுடன் பிரிண்டர் விடுபட்டது.

ரசீதில் இன்னொன்றும் தெரிந்தது. கிராணி ஐயா பழைய தோட்டத்துப் பழக்கத்தில் காலை ஏழரைக்கே அலுவலகத்தைத் திறப்பவர். அந்த நேரத்து ரசீதுகளில் முந்தைய நாள் தேதி அச்சாகியிருந்தது. க்யூஎமு தன் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் தருகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசியா எட்டு மணி நேரம் முன்னே இருப்பதால் காலை எட்டு மணிவரை எக்ஸ்பிக்கு நேற்றுதான். இணைய நேரச் சர்வரை எட்டவும் இப்போது வழியில்லை. கடிகாரத்தின் அடிப்படையை உள்ளூர் நேரம் என்று க்யூஎமு கட்டளையில் குறித்ததும் தேதி சரியாயிற்று. தவறான தேதியிட்ட ரசீதுகளை ஐயா பேரேட்டில் சிவப்பு மையால் குறித்து, கையெழுத்திட்டு வைத்தார்.

இப்போது இருக்கும் நிலை

கட்டளை வரி முழுவதும் ஒரே ஸ்கிரிப்டில் இருக்கிறது. மடிக்கணினி எழுந்ததும் சாதாரணப் பயனர் கணக்கில் அது ஓடத் தொடங்கும். விதிகளை மாற்றிப் பார்க்க எக்ஸ்பியை ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டியதில்லை. மானிட்டரிலேயே திருப்பல் விதியைச் சேர்க்கலாம், நீக்கலாம், சரிப்பட்டதை ஸ்கிரிப்டில் எழுதிக்கொள்ளலாம். பேரன் சோதனைக்காக இன்னொரு நகலை எழுப்பும்போது அதற்கு வேறு வெளிப் போர்ட் தர வேண்டும். இரண்டும் 10.0.2.15 என்றே சொல்லிக்கொள்ளும், ஆனாலும் தனித்தனிக் கற்பனை நெட்வொர்க்கில் இருப்பதால் ஒன்றையொன்று பார்க்காது.

மாறக்கூடியவை கவுண்டர்களின் முகவரிகளும் பிரிண்டரின் முகவரியும்தான். அந்த மூன்றையும் ரௌட்டரில் அவற்றின் மேக் முகவரிகளோடு கட்டிவைத்திருக்கிறோம். கீழ்க்கடைக்காரர் ரௌட்டரை மாற்றினால் அதை மீண்டும் செய்ய வேண்டும். பேரேட்டை எக்ஸ்பியிலிருந்து வெளியே எடுக்கும் வேலையைப் பேரன் தன் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பதியப்பட்டிருப்பதால் அங்கே வேறொரு தலைவலி காத்திருக்கிறது.